புதுப்பிப்பு: பசுவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது

குலசேகரத்தில் எங்கள் பசு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் நிற்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். மூத்திரம் சிவக்கவில்லை, ஆனால் ஈறு வெளிறி மஞ்சளடித்திருந்தது. டாக்டர் காது ரத்தக்குழாயில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்தார். கிருமியை நிறமேற்றிக் காட்டும் ஜீம்சா சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களின் ஓரத்தில் கரும்புள்ளிகள். அனாபிளாஸ்மா மார்ஜினேல், உண்ணி பரப்பும் பாக்டீரியா. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, மூன்றாம் நாள் புல்லைக் கடித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம், குணமான மாட்டிலும் கிருமி கொஞ்சம் தங்கிவிடும். அப்போது ஸ்மியரில், அதாவது தகட்டில் இழுத்த ரத்தத்தில், தெரியாமல் போகலாம்; கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் பிடிக்கும். அதனால் பக்கத்தில் கட்டும் கிடாரியின் ரத்தத்தையும் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஊசியை இரண்டு மாட்டுக்குப் போட விடாதீர்கள், அதிலும் பரவும்.