டர்போ பில்டுக்கு எந்த இன்ஜின்? நீங்கள் கண்டதை எழுதுங்கள்

கோவைப் பக்கம் டிராக் கார் வேலை செய்கிறேன். டர்போ (புகை போகும் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பிஎச்பி சக்தி வரும் என்று. அந்த இன்ஜினின் பிஸ்டனும் கம்ப்ரெஷனும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) தெரியாமல் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு தம்பி, டர்போ இல்லாமல் வந்த 1.5 லிட்டர் செடானில் வெளியே எங்கோ டர்போ மாட்டிக்கொண்டு செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வந்திருந்தான். காலையில் வண்டி பறந்தது. மதிய வெயிலில் டிப்ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடக்கிறது. காரணம் நாக்கிங். கம்ப்ரெஷன் 10:1, டர்போவுக்கு இது அதிகம். அதற்கு மேல் அரை பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்), 91 ஆக்டேன் சாதா பெட்ரோல், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றே போகாத பம்பர். உள்ளே போகும் காற்று இவ்வளவு சூடானால், ஸ்பார்க் கொளுத்திய தீ முழுக்கப் பரவுவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். வார்ப்பு பிஸ்டன் அந்த அடியை ரொம்ப நேரம் தாங்காது. தம்பி முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அதனால் கம்பெனியிலேயே டர்போவோடு பிறந்த இன்ஜின்தான் என் முதல் தேர்வு. மிட்சுபிஷி 4ஜி63 எனக்கு ரொம்பப் பிடித்தது. 1997 சிசி, இரும்பு பிளாக், பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட். லான்சரின் வேக ரகமான லான்சர் எவோ 1 முதல் 9 வரை இதுதான். எவோ 4 முதல் கம்ப்ரெஷன் 8.8:1. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த பழைய லான்சரும் எவோ 4, 5, 6-ம் ஒரே தலைமுறை. அந்த பாடி வைத்திருப்பவர்களின் கண் இந்த இன்ஜின் மேலேயே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பழைய இன்ஜினாக வாங்கினால், கிராங்க் முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஃப்ளைவீலை 7 போல்ட்டில் பிடிக்கும் கிராங்க் வந்த சிலவற்றில், அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துபோகும். அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வு வளையும்.

அப்புறம் ஆர்டிஓ. வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படிக்காமல் ரோட்டு வண்டியில் இன்ஜினை மாற்றாதீர்கள்.

மறுமொழி – சென்னை

அண்ணா, நான் இன்ஜினையே மாற்றவில்லை. டர்போ உள்ள வண்டியாகவே வாங்கினேன். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர், 20 வால்வு. இந்தியாவில் 150 பிஎஸ் (பிஎச்பி போல இதுவும் சக்தி அளவுதான்). அதே குடும்ப இன்ஜின் ஐரோப்பிய ஆர்எஸ்ஸில் 180, ஆடி டிடியில் 225. எவ்வளவு தூரம் போகலாம் என்று கம்பெனியே காட்டியிருக்கிறது. பெரிய டர்போ போட்டு டார்க்கைக் கூட்டினால் முதலில் வளைவது கனெக்டிங் ராட். அதனால் ஒரிஜினல் டர்போவையே வைத்துக்கொண்டு இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் (ஈசியூ) மேப்பை மட்டும் மாற்றினேன். ஈசிஆரில் மூன்றாவது கியரில் அது இழுக்கும் சுகமே எனக்குப் போதும். சின்னச் சின்ன சாமான்களுக்குப் புதுப்பேட்டையில் அலைய வேண்டும், அது உண்மை.

மறுமொழி – ஷார்ஜா

அண்ணன் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. நான் வேலை பார்க்கும் கராஜுக்கு டொயோட்டா 2ஜேஇசட் நிறைய வரும். அதில் டர்போவோடு வந்த ஜிடிஇ ரகத்தின் கம்ப்ரெஷன் 8.5:1, டர்போ இல்லாத ஜிஇ ரகத்தில் 10:1. ஜிடிஇ விலை கட்டுப்படி ஆகாது என்று ஒருவர் ஜிஇ கொண்டுவந்தார். இதுவும் அதே 86 மில்லிமீட்டர் போர், 86 ஸ்ட்ரோக், இரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங். தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரெஷனைக் குறைத்தோம். பூஸ்ட்டைக் குறைவாக வைத்து, காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரைப் பார்த்துப் பார்த்து ட்யூன் செய்தோம். இந்த ஊர்க் கோடையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிப்பாகம் உறுதியாக இருந்து, ட்யூன் செய்பவருக்குப் பொறுமையும் இருந்தால் இந்த வழியும் சரிதான். ஆனால் கியர்பாக்ஸுக்கு டொயோட்டாவின் ஆர்154 மேனுவல் கியர்பாக்ஸைத் தேடியதில் செலவு இன்ஜின் விலையையே தாண்டிவிட்டது. பட்ஜெட் போடும்போது கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் சேர்த்தே போடுங்கள்.