3 மீட்டர் ரேடியோ டிஷ்: 24 ரிப்பா, பின்னால் கம்பியா?

வணக்கம். திருமங்கலத்தில் ஒரு மொட்டை மாடியில் விண்வெளி ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸ் (21 செ.மீ.) ரேடியோ அலையைப் பிடிக்க 3 மீட்டர் வலை டிஷ். குவியத் தூரம் 1.2 மீட்டர், ஆழம் 47 செ.மீ. 25×25×1.5 மி.மீ. அலுமினியச் சதுரக் குழாயில் 12 ரிப் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் வளைந்த தாங்குசட்டம்), மேலே அரை அங்குல ஜி.ஐ. வலை.

சிக்கல் இரண்டு ரிப்புக்கு நடுவே. விளிம்பில் இடைவெளி 78 செ.மீ.; அங்கே வலை தட்டையாகி, டிஷ் இருக்க வேண்டிய பரவளைய வளைவுக்கு 31 மி.மீ. மேலே நிற்கிறது. 21 செ.மீ. அலைக்கு இந்தப் பிழை 13 மி.மீ. தாண்டக்கூடாது. 24 ரிப் போட்டால் பிழை 8 மி.மீ.தான். ஆனால் எடை இரட்டிப்பு, ரிப்கள் சேரும் நடுத்தட்டில் போல்ட் துளைக்கும் இடமிருக்காது.

புனே அருகே ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் 45 மீட்டர் டிஷ்களில் மெல்லிய வலையைக் கம்பிச் சட்டங்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. அதையே சின்னதாகச் செய்ய, ரிப்புக்குப் பின்னால் 15 செ.மீ. குச்சி, வலையைப் பின்னுக்கு இழுக்க ரிப்புக்கு ரிப் 2 மி.மீ. ஸ்டீல் கம்பி, அதை இறுக்க டர்ன்பக்கிள் (திருகு இறுக்கி) என்று யோசனை. பயம் ஒன்றுதான்: கம்பியில் 20 கிலோ இழுவை வைத்தால் ஒவ்வொரு ரிப் நுனியும் 10 கிலோ உள்நோக்கி இழுபடும், டிஷ் குழிந்து குவியம் நகரும்.

இழுவையை எல்லாக் கம்பியிலும் சமமாக வைக்க எளிய வழி உண்டா? குச்சி 15 செ.மீ. போதுமா? ஆடிக் காற்றும் இருக்கிறது. உள்சுவர் மடியாமல் சதுரக் குழாய் வளைத்துத் தரும் பட்டறை மதுரையில் தெரிந்தால் சொல்லுங்கள்.