மறு: ‘நோயாளர் பரிந்துபேசலா’, ‘எடுத்துரைப்பா’?

வணக்கம்.

இழையைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். யாழ்ப்பாணத்தில் தோல் நோயாளரும் அவர்களின் வீட்டாருமாகச் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தோல் நோய் ஆய்வுக்கென்று அரசு வரவு செலவுத் திட்டத்தில் தனியாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு அது போகும். மனுவின் முதற் பந்தியிலேயே ஒரு சொல் தேவைப்படுகிறது. நோயாளரே முன்வந்து, தமக்கு வேண்டியதை அரசிடம் காரணத்தோடு கேட்கும் இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்? ஆங்கிலத்தில் ‘அட்வொக்கசி’ என்கிறார்கள்.

> ‘பரிந்துபேசல்’ போதும். தொண்டு நிறுவன அறிக்கைகளில் ஏற்கெனவே புழங்குகிறது.

புழங்குகிறதுதான், ஐயா. ஆனால் பரிந்து பேசுபவர் எப்போதும் இன்னொருவர். பிழை செய்த பிள்ளைக்காக அம்மா அப்பாவிடம் பரிந்து பேசுவா; பிள்ளை தனக்குத் தானே பரிந்து பேசாது. பரிவு மேலிருந்து கீழே வருவது. தோல் நோய் உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்க வேண்டாமென்று ஒதுக்கி வந்தது அந்தப் பரிவைத்தான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதும், கலியாண வீட்டில் ‘பாவம்’ என்று கதைப்பதும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள். அரசுக்குப் போகும் தாளிலும் அதே தொனி வருவதை நான் விரும்பவில்லை.

> அப்படியானால் ‘வாதாடல்’?

இதில் வேறு சிக்கல். வாதாடுவது சட்டத்தரணியின் வேலை என்றுதான் எங்கள் காதில் விழும். ‘அப்புக்காத்து’ என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்த நினைவும் கூடவே வரும். வாதாட எதிர்க்கட்சி ஒன்று வேண்டும். சுகாதார அமைச்சு எங்களுக்கு எதிர்க்கட்சி அல்ல. ‘முறையீடு’ கேட்க நல்ல சொல். ஆனால் இங்கே ‘முறைப்பாடு’ என்றால் பொலிஸ் நிலையம். இரண்டையும் ஒன்றாகவே வாசித்துவிடுவார்கள். தவிர, முறையீடு நடந்துபோன அநியாயத்தைச் சொல்வது. இன்னும் தொடங்காத ஆய்வைக் கேட்பதற்கு அது ஒட்டாது.

நான் முன்வைப்பது ‘எடுத்துரைப்பு’. செய்பவர் எடுத்துரைப்பாளர், வினை எடுத்துரைத்தல். மூன்றும் ஒரே வேரில் இழுபறியில்லாமல் வருகின்றன. இலக்கியத் திறனாய்வில் எடுத்துரைப்பு என்றால் கதை சொல்லும் முறை என்று தம்பி ஒருவர் தனிமடலில் சுட்டிக்காட்டினார். சரிதான். ‘நோயாளர்’ என்ற முன்னடை இருக்கும்வரை குழப்பம் வராது. அதோடு, தன் அனுபவத்தைத் தானே சொல்வதுதான் இந்த வேலையின் அடித்தளம். அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும்.

மனுவில் உள்ள ஒரு பகுதியில் வைத்துப் பார்ப்போம். லீஷ்மானியாசிஸ் மணல் ஈ கடித்துப் பரவும் நோய். இலங்கையில் 2008இலிருந்து சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பக்கம் அதிகம். அதை உண்டாக்கும் லீஷ்மானியா டொனவானி என்ற ஒட்டுண்ணி, இந்தியாவில் மண்ணீரலையும் ஈரலையும் தாக்கும் காலா அசார் நோயைத் தருவது. அதே இனம் இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஏன் என்ற கேள்வி இந்த மண்ணில் எழுந்த கேள்வி. அதற்கு வெளிநாட்டு மருந்துக் கம்பனி வந்து பதில் தேடும் என்று காத்திருக்க முடியாது; அரச நிதிதான் வேண்டும். இதுவரை சொன்னதை ஒரு பேராசிரியரும் எழுதலாம். ஆனால் இந்த நோயால் தோலில் வரும் புண் நோவதில்லை, அரிப்பதில்லை, அதனால் பலர் மாதக்கணக்கில் பேசாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதையும், புண்ணுக்குள்ளேயே கிழமைக்குக் கிழமை ஊசி போட வயற்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்பதையும் நோயாளர் வாயால் கேட்டால்தான் ஆய்வு எதை நோக்கிப் போக வேண்டும் என்பது தெரியும். குறைந்த தடவை போடும் மருந்தா, வாயால் விழுங்கும் மருந்தா, ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்யக்கூடிய பரிசோதனையா? இப்படிக் கேட்பதைப் ‘பரிந்துபேசினார்கள்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். ‘எடுத்துரைத்தார்கள்’ பொருந்துகிறது.

நோயாளர் பேச்சு எடுபடுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு: அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1966இல் சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) உள்ள மனைவிக்காக ஒருவர் பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்துக் கூடியவர்களால் உருவானதுதான் அங்குள்ள தேசிய சொரியாசிஸ் அமைப்பு. அதன் நோயாளர் இன்று வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு நேரில் போய் ஆய்வு நிதி கேட்கிறார்கள். பல நாட்டு நோயாளர் அமைப்புகள் விடாமல் உழைத்ததில் 2014இல் உலக சுகாதாரப் பேரவை (உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் சபை) சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானம் எடுத்தது. 2025 மே மாதம் தோல் நோய்கள் எல்லாவற்றையும் உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாகக் கொள்ளும் தீர்மானமும் வந்தது. இலங்கையும் அந்தப் பேரவையில் உறுப்பு நாடு என்று மனுவில் எழுதியிருக்கிறோம்.

சொல்லையும் நோயாளர் மாற்றியிருக்கிறார்கள். தோல் அங்கங்கே நிறமிழந்து வெளுக்கும் நோய்க்கு இருந்த ‘வெண்குட்டம்’ என்ற பெயர் தொழுநோயோடு சேர்த்துவைத்து எத்தனை பேரின் வாழ்க்கையைக் கெடுத்தது! பாதிக்கப்பட்டவர்கள் கேட்டதால்தான் தமிழ்நாட்டு அரசு ‘வெண்புள்ளி’ என்று எழுத ஆணையிட்டது. இங்கேயும் அதையே எழுதுவோம்.

> முன்னே ‘அடிமட்ட’ சேர்க்க வேண்டாமா?

வேண்டாம், அக்கா. மேலிருந்து வராமல் சாதாரண மக்களிடமிருந்தே எழுவது என்று காட்டத்தான் கேட்கிறீர்கள்; ஆனால் அடிமட்டம் என்றால் தரங்கெட்டது என்றும் பொருள்படும். ‘ஊர்மட்ட’ என்று வைத்தால் மானிப்பாய், சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் தெரியும். மானிப்பாய் என்றதும் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் நினைவு வருகிறது. 1847இல் இங்கு வந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கியவர். அந்த ஊர்களிலிருந்து போகும் மனுவில் ‘அட்வொக்கசி’யை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஆக, முழுத்தொடர் ‘ஊர்மட்ட நோயாளர் எடுத்துரைப்பு’. ‘நோயர்’ சுருக்கமாக இருக்கும் என்றவர்களுக்கு: கிளினிக் துண்டிலும் வார்ட் பலகையிலும் ‘நோயாளர்’ என்றே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தன்னால் பேச முடியாத சின்னப் பிள்ளைக்காகத் தாய் வந்து பேசினால் அவரும் எடுத்துரைப்பாளரா, அல்லது அங்கே மட்டும் ‘பரிந்துபேசல்’ நிற்கலாமா? பிள்ளையின் படுக்கையை ஒவ்வொரு நாளும் விரிப்பவர் அவர், அவரையும் எடுத்துரைப்பாளர் என்றே எழுதலாம் என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை வரைவைத் தட்டச்சுக்குக் கொடுக்கிறோம்.