மாலத்தீவில் சர்ஃபிங்: ஜூலையில் போகலாமா? ரிசார்ட்டா, ஊர்த்தீவா?

கோவளத்து உப்புக்காற்று:

வணக்கம். மூன்று வருடமாகச் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங் செய்கிறேன், நடுவில் இரண்டு தடவை மகாபலிபுரம். பச்சை அலையில், அதாவது இன்னும் உடையாத அலையில், ஏறி ஓரளவு திருப்ப வரும், டக் டைவ் (வரும் அலைக்கு அடியில் போர்டோடு முங்கிக் கடப்பது) பாதி நாள் சொதப்பும். ஜூலையில் எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. மாலத்தீவு என்று முடிவு செய்துவிட்டோம், ஆனால் அங்கே எந்தத் தீவு என்பதில்தான் வீட்டில் பஞ்சாயத்து. அவளுக்குத் தண்ணீருக்கு மேல் கட்டிய அறை, வெள்ளை மணல், ஒரு வேலையும் இல்லாமல் கிடப்பது. எனக்கு அலை. இரண்டும் ஒரே தீவில் கிடைக்குமா? இதுவரை மணல் அடியில்தான் விழுந்திருக்கிறேன், பவளப்பாரின் (பவளப்பாறைத் திட்டின்) மேல் விழுந்ததே இல்லை, உண்மையைச் சொன்னால் அதுதான் பயம். போர்டைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்பதும் தெரியவில்லை.

தழும்புக்காரன்:

மூன்று வருடம் என்றால் எத்தனை நாள் தம்பி? வாரம் ஒரு ஞாயிறு என்றால் அது நூற்றைம்பது நாள்தான், அதிலும் பாதி நாள் அலையே இருந்திருக்காது. குத்திக்காட்டவில்லை, நானும் அப்படித்தான் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் கரையில் கடலடி மெல்லச் சரிந்து ஏறுகிறது, அலை கரைக்கு வருவதற்குள் பாதி பலத்தை அடியில் உரசியே இழந்துவிடும். அங்கே ஆழ்கடல் நடுவிலிருந்து பவளப்பார் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அண்டார்டிகா பக்கத்துப் புயல் கிளப்பிய ஸ்வெல் (நீண்ட அலைத்தொடர்) ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து நேராக அதில் மோதும். முன்னறிவிப்பில் அடிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், நொடிக்கணக்கைப் பாருங்கள். நம் ஊரில் எட்டு நொடிக்கு ஒன்று வரும் நான்கு அடி அலையும், அங்கே பதினைந்து நொடிக்கு ஒன்று வரும் நான்கு அடி அலையும் ஒன்றில்லை. எண் ஒன்றுதான், இரண்டாவது உங்கள் தலைக்கு மேலே நிற்கும்.

ஜூலை அங்கே அலைக்கு உச்ச சீசன். தென்மேற்குப் பருவக்காற்று, அதாவது நம் தெற்கத்தி மீனவர்கள் சொல்கிற கச்சான் மாதிரி மேற்கிலிருந்து அடிப்பது, வடக்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு விளிம்புக்குக் கரைக்காற்றாக, அதாவது கரையிலிருந்து கடல் பக்கம் அடித்து அலையைச் சீராக நிறுத்தும் காற்றாக, அமைகிறது. ஸ்வெல் தெற்கிலிருந்து வந்து, தீவுகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய் வாய்களில் வளைந்து உடைகிறது. அதனால்தான் பேர்பெற்ற இடங்களெல்லாம் கிழக்கு ஓரத்திலேயே வரிசையாக இருக்கின்றன: கோக்ஸ், சிக்கன்ஸ், லோஹிஸ், நிஞ்சாஸ், ஜெயில்பிரேக்ஸ், சுல்தான்ஸ், ஹோங்கிஸ், பாஸ்டா பாயிண்ட். அலை பெரிதாகவும் இருக்கும், மழையும் காற்றும் கூடவே வரும்.

துளுஸ்தூ தீவில் இருக்கும் கோக்ஸ் எனக்கு இந்தத் தழும்பைக் கொடுத்த அலை. பக்கத்திலேயே கொக்கோ கோலா தொழிற்சாலை, அதனால் அந்தப் பெயர். வலப்பக்கம் ஓடும் அலை, குழாய் மாதிரி சுருளும், உள்பக்கம் போகப் போகத் தண்ணீர் குறையும். நான் மூன்றாவது நாள் தண்ணீர் வற்றிய நேரத்தில் இறங்கினேன். டேக் ஆஃப் (அலையைப் பிடித்து எழுந்து நிற்பது) தாமதம், போர்டின் மூக்கு தண்ணீரில் குத்தி விழுந்தேன், இடுப்பிலிருந்து முழங்கால் வரை தேங்காய் துருவியது போல. வலி பெரிதில்லை, ஆனால் பவளத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் புண் ஆறவே ஆறாது. அன்று சாயங்காலம் விடுதிக்காரப் பையன் நல்ல தண்ணீரும் புது டூத் பிரஷும் எடுத்து வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தான் பாருங்கள், அதற்குத்தான் கத்தினேன்.

விழுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, போவதற்கு முன் கோவளத்திலேயே பழகுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது, காலை நீட்டி நிற்கவும் கூடாது, தோசை மாதிரி தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையும் தலையைச் சுற்றி. அப்புறம் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கரையில் உட்கார்ந்தவள்:

மனைவி தரப்பிலிருந்து நான் சொல்கிறேன், அலையில் ஏறாத ஆள். இரண்டு வருடம் முன் ஒரு ரிசார்ட்டுக்குப் போனோம், பெயர் வேண்டாம். விளம்பரத்தில் தீவும் அலையும் ஒரே படத்தில். போய்ப் பார்த்தால் அலை பக்கத்துத் தீவில், படகுக்கு ஒவ்வொரு தடவையும் ஆளுக்குத் தனிக் காசு, அதுவும் குறைந்தது நான்கு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்களாம். என் வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்குப் படகுத்துறையில் போர்டை அணைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஏழு நாளில் மூன்று நாள்தான் இறங்கினார். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: அலை உங்கள் தீவின் பாரிலேயே உடைகிறதா, படகு சேர்த்தியா, ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுவீர்கள்?

தீவிலேயே அலை இருக்கும் ரிசார்ட்டுகள் உண்டு. தோன்வேலியில் பாஸ்டா பாயிண்ட், ஹுதுரன்ஃபுஷியில் லோஹிஸ். அவற்றில் எண்ணிக்கை வைத்து சர்ஃப் பாஸ் கொடுப்பார்கள், கூட்டம் இருக்காது, அந்த வசதிக்குத்தான் விலை. உங்கள் மனைவிக்கும் அறையிலிருந்தே அலை தெரியும், நீங்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம்.

விலையில் இன்னொரு கண்ணி. பட்டியலில் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 17 சதவீதம் ஜிஎஸ்டி. 100 டாலர் என்று நினைத்தது 128 டாலருக்கு மேல் போகும். பச்சை வரி தனி: 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், மக்கள் வாழும் ஊர்த்தீவில் இருக்கும் சின்ன விடுதியில் 6 டாலர்.

மாலேவாசி:

இங்கே கணக்கு வேலை பார்க்கிறேன், ஆறு வருடமாகிறது. ஊர்த்தீவு பற்றிச் சொல்கிறேன். துளுஸ்தூ, ஹிம்மஃபுஷி இரண்டும் மக்கள் வாழும் தீவுகள், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாம் இருக்கும். விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் அரை மணி நேரம் போல. மது கிடையாது, பெட்டியில் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். குட்டை உடையெல்லாம் அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். வெள்ளிக்கிழமை படகு குறைவு, அன்றைக்கு வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள்.

நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் விவரம் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அதே மாதிரி. அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவும் உண்மையானதில்லை.

தழும்புக்காரர் கோக்ஸைச் சொன்னார். அதே கால்வாயின் எதிர்ப்பக்கம் சிக்கன்ஸ், பழைய கோழிப்பண்ணை இருந்த தீவு, நீளமாக இடப்பக்கம் ஓடும். நீந்திக் கடக்கலாம் என்று யாராவது உசுப்பிவிட்டால் கேட்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும், தோனியில் போங்கள். தோனி என்றால் நம் தோணியேதான், இங்கே வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது.

உங்கள் நிலைக்கு நிஞ்சாஸ் சரி, அலை மெத்தென்று உடையும். சின்ன நாளில் ஜெயில்பிரேக்ஸும் சுல்தான்ஸும் பார்க்கலாம். ஜெயில்பிரேக்ஸ் ஹிம்மஃபுஷியில் சிறைச்சாலை இருந்ததால் வந்த பெயர்.

இந்த அலைகளை உலகுக்குக் காட்டியவர் கதை தெரியுமா? டோனி ஹைண்ட் என்ற ஆஸ்திரேலியர், 1973ல் இலங்கையிலிருந்து போன பாய்மரக் கப்பல் ஹெலங்கேலி பாரில் மோதி இங்கே வந்து சிக்கினார். கப்பலை உடைத்த பார்தான் அலையையும் உடைக்கிறது, மனிதர் அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பவே இல்லை. இஸ்லாத்தைத் தழுவி, இங்கேயே மணமுடித்து, பல வருடம் அலைகளை வெளியே சொல்லாமல் தானே ஏறிக்கொண்டிருந்தார். அதன்பிறகுதான் சர்ஃப் சுற்றுலா ஆரம்பித்தார். 2008ல் பாஸ்டா பாயிண்டில் அலை ஏறப் போன இடத்திலேயே இறந்துபோனார்.

தழும்புக்காரன்:

போர்டு பற்றி யாருமே சொல்லவில்லை. உங்களுக்குப் பழகிய போர்டு இருந்தால் கொண்டுபோங்கள், கூடவே ஒரு லீஷும் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) ஃபின் (போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு) ஒரு செட்டும் அதிகப்படியாக. பார் மேல் ஃபின் போனால் தீவில் தேடி அலைய வேண்டும். ஆனால் திருவனந்தபுரம் வழியாகச் சின்ன விமானத்தில் போவதாக இருந்தால் நீளம் எவ்வளவு வரை ஏற்றுவார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள். என் நண்பன் ஒருவனின் ஒன்பதடி போர்டு அங்கேயே நின்றுவிட்டது, அவன் மட்டும் மாலே போய்ச் சேர்ந்தான்.

இன்னொன்று, தேதியை மாற்ற முடிந்தால் ஏப்ரலோ அக்டோபரோ போங்கள். ஜூலையை விட அலை சின்னது, காற்றும் அடங்கியிருக்கும், முதல்முறை பாரில் ஏறுகிறவனுக்கு அதுதான் நல்லது.

கோவளத்து உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை முழுக்க அவளிடம் படித்துக் காட்டினேன், தேங்காய் துருவல் வரியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். லீவை அக்டோபருக்குத் தள்ள இரண்டு பேருமே கேட்டிருக்கிறோம். நான்கு நாள் ஹிம்மஃபுஷியில் விடுதி, வழிகாட்டியோடு நிஞ்சாஸ், கடைசி மூன்று நாள் அவள் கேட்ட ரிசார்ட், அங்கே போர்டை உறையிலிருந்து எடுக்கக் கூடாது என்று நிபந்தனை. கோக்ஸைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். மாலேவாசி அண்ணா, ஒரு சந்தேகம்: அம்மா மாசிக் கருவாடு வாங்கி வரச் சொல்கிறார், எங்கே நல்லது கிடைக்கும்?

மாலேவாசி:

மாலேயில் மீன் சந்தையை ஒட்டி உள்ளூர்ச் சந்தை இருக்கிறது, அங்கே கட்டைக் கட்டையாக அடுக்கியிருப்பார்கள். தட்டிப் பார்த்தால் மரம் மாதிரி சத்தம் வர வேண்டும், அதுதான் நன்றாகக் காய்ந்தது. காற்று நீக்கிக் கட்டிய பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். இடமிருக்கிறதே என்று போர்டு உறைக்குள் செருகிவிடாதீர்கள், நான் ஒருமுறை செருகி, அடுத்த சீசன் வரை நாறியது.