புது டிவியில் கோடு, "பேனல் டேமேஜ்" என்கிறார்கள், கடைக்காரர் கையை விரிக்கிறார். என்ன செய்யலாம்?

கோவில்பட்டி வாசி:
வணக்கம். எங்கள் ஊர் ஷோரூம் ஒன்றில் இ.எம்.ஐ. போட்டு 43 இன்ச் டிவி எடுத்தோம், விலை 27,000. ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரையின் வலது பக்கம் மேலிருந்து கீழ்வரை பச்சையாக ஒரு கோடு, இப்போது அதை ஒட்டி இன்னொன்று. கடையில் போய்ச் சொன்னால் "பெட்டியைப் பிரிச்சாச்சு, இனிமே கம்பெனி சர்வீஸ்லதான் பேசணும்" என்கிறார்கள். சர்வீஸ் ஆள் வந்தார், போனில் ஒரு போட்டோ எடுத்தார், "பேனல் டேமேஜ், வாரண்டியில வராது, மாத்த 18,000 ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. டிவி மேல் யார் கையும் படவில்லை, சுவரில் மாட்டியதே அவர்கள் அனுப்பிய ஆள்தான். பில்லுக்கு அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று வேறு இருக்கிறது. இந்த மாத டியூவைக் கட்டாமல் விட்டால் வழிக்கு வருவார்களா?

ஊர்சுற்றி:
பில்லிலேயே போட்டுவிட்டானே சார், அப்புறம் என்ன செய்ய முடியும். கடைக்காரனுக்கு விற்றதோடு வேலை முடிந்தது, கம்பெனியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய டெக்னீஷியன்:
கையெழுத்துப் போடாமல் விட்டீர்களே, அதுவே பாதி வேலை. அடிபட்ட பேனல் என்றால் அடி விழுந்த இடம் தெரியும், விரிசல் அங்கிருந்து சிலந்தி வலை மாதிரி பரவும், இல்லையென்றால் மை கொட்டினது போலக் கருப்பாகத் திட்டு இருக்கும். நீங்கள் சொல்வது போல நேர்கோடு மட்டும் என்றால் பெரும்பாலும் பேனல் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரிப்பன் மாதிரியான மெல்லிய கேபிளில் தொடர்பு விட்டிருக்கும், அது தயாரிப்புக் கோளாறு. மாட்டும்போது ஓரத்தில் அழுத்தியிருந்தாலும் கோடு வரலாம்தான், ஆனால் மாட்டியது அவர்கள் ஆள் என்கிறீர்களே!

இன்று ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். டிவியை அணைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நாலு மூலையையும் வீடியோ எடுங்கள், கீறலோ விரிசலோ இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிறகு டிவியைப் போட்டு வெள்ளைத் திரையில் கோட்டை எடுங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும் அதே வீடியோவில் வரட்டும். சர்வீஸ் ஆள் எழுதும் அறிக்கை, அதான் ஜாப் ஷீட், அதன் நகல் கேளுங்கள், டேமேஜ் என்று எழுதினால் எந்த இடத்தில் என்றும் எழுதச் சொல்லுங்கள். "பிரிச்சுப் பார்க்கிறோம்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டும் விடாதீர்கள்.

மாட்டுத்தாவணி:
ஊர்சுற்றி அண்ணா, பில்லில் அச்சடித்தால் அது சட்டமாகிவிடாது. 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47): பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள். "பிடிக்கலை, வேற கலர் குடுங்க" என்று கேட்கிறவருக்கு இது பொருந்தாது, பழுதுக்குத்தான். அதனால் 30 நாள் தாண்டுவதற்குள் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது எதுவும் கணக்கில் வராது.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே போதும்: வாங்கிய தேதி, பில் எண், சீரியல் நம்பர், கோளாறு எப்போது வந்தது, மாற்றித் தர வேண்டுமா பணம் வேண்டுமா, எத்தனை நாளுக்குள். கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915-க்கும் அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, அதையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்ப முடியாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். சோதனை தேவைப்பட்டால் ஆணையமே டிவியை ஆய்வகத்துக்கு அனுப்பும். டெக்னீஷியன் அண்ணன் பிரிக்க விடாதீர்கள் என்றது இதற்கும் சேர்த்துத்தான். சோதனை இல்லாத வழக்கை 3 மாதத்தில், சோதனை இருந்தால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் இழுக்கும்.

கோவில்பட்டி வாசி:
ரொம்ப நன்றி. வீடியோ எடுத்துவிட்டேன், விரிசல் எதுவும் இல்லை. ஜாப் ஷீட் கேட்டால் "சிஸ்டத்துல இருக்கு, குடுக்க மாட்டோம்" என்கிறார்கள். டியூ விஷயம்?

மாட்டுத்தாவணி:
டியூவை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது ஃபைனான்ஸ், கடைக்காரருக்கு அவர் பணம் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் கட்டாவிட்டால் அபராதமும், சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணில் அடியும் உங்களுக்குத்தான், அவருக்கு வலிக்காது. ஜாப் ஷீட் தர மாட்டோம் என்றால் அதையும் கம்பெனிக்கு மெயிலில் போடுங்கள்: "இன்ன தேதியில் வந்த ஆள் டேமேஜ் என்றார், அறிக்கை கேட்டேன், தரவில்லை". பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்கள் பக்கம் பேசும்.

பழைய டெக்னீஷியன்:
தெர்மாகோலும் அட்டைப்பெட்டியும் பரணில் இருக்கிறதா? இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் அன்றைக்கு முதலில் அதைத்தான் கேட்பார்கள்.