புதுப்பிப்பு: பழைய துணிக்கடையில் எடுத்த கோட்டு

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய துணிக்கடையில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு எடுத்தேன், உள்ளே லேபிள் இல்லை, அந்துருண்டை வாடை தாங்கவில்லை, துவைக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கோட்டு பிழைத்துவிட்டது.

முதலில் துணி எது என்று தெரிய வேண்டும் இல்லையா? உள் தையலில் இருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை. மிஞ்சிய கரி விரலில் பட்டதும் பொடிந்தது. அசல் கம்பளி! பாலியஸ்டராக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகியிருக்கும். வாஷிங் மெஷினில் போடாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. சுடுநீரும் சுழற்சியும் பட்டால் கம்பளி சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும்.

வாடைக்கு மருந்து காற்றுதான். அந்துருண்டை தானே ஆவியாகும் பொருள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் தொங்கவிட்டேன். இப்போது மூக்கை வைத்து மோந்தாலும் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. காலருக்கு அடியில் மிளகளவு மூன்று ஓட்டைகள். அரிப்பது பறக்கும் அந்து அல்ல, அதன் புழு. அதனால் பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரத்துக்கு மேலேயே வைத்தேன். மற்ற துணிகளோடு சேர்க்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஓட்டைகளை அதே நிற நூலால் இழையோட்டிவிட்டேன். நேற்று முதன்முதலாகப் போட்டுக்கொண்டேன். தோளில் அப்படியே உட்கார்ந்தது.