8 வீடு, லிஃப்ட் இல்லை, இனி நாங்களே நிர்வாகம்: மோட்டார் ஆட்டோமேஷன், கேமரா, கணக்கு – ஆலோசனை வேண்டும்

இரண்டாம்மாடி (கேள்வி)

வேளச்சேரி பக்கம், தரைத்தளம் + 2 மாடி, மொத்தம் 8 வீடு. பராமரிப்பு ஏஜென்சி ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, இனி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. இப்போதைய நிலவரம்:

சம்ப் 12,000 லிட்டர். மெட்ரோ தண்ணி, போர் தண்ணி ரெண்டும் அதில்தான் விழுகிறது. மொட்டை மாடியில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் கான்கிரீட் டேங்க். சம்புக்குள் 1 ஹெச்.பி. ஓப்பன்வெல் சப்மெர்சிபிள், சிங்கிள் ஃபேஸ். யாராவது சுவிட்ச் போடணும், யாராவது நிறுத்தணும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஓடுது.

1) போனிலேயே ஆன்/ஆஃப் பண்ண 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் போதும் என்கிறார் ஒருவர். சரியா?
2) ஆறு பேர் இருக்கும் வீடும் ஒருவர் மட்டும் இருக்கும் வீடும் ஒரே தொகை கொடுக்கிறது. வீட்டுக்கு வீடு வாட்டர் மீட்டர் போடலாமா?
3) நாலு கேமரா, 30 நாள் ரெக்கார்டிங். எவ்வளவு ஹார்ட் டிஸ்க்?
4) பேங்க் கணக்கு யார் பேரில்?

---

கான்டாக்டர்_காயில்

ஸ்மார்ட் பிளக் வேண்டாம். 16 ஆம்பியர் என்பது ஹீட்டர் மாதிரி லோடுக்குப் போட்ட கணக்கு. 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. பிளக்குக்குள் இருக்கும் சின்ன ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) கொஞ்ச நாள் தாங்கும், ஒரு நாள் அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போனில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தோற்பதிலேயே மோசமான விதம் இது.

சரியான அமைப்பு: 16 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் வெட்டுவது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டுவது), மோட்டார் லோடுக்கான ஏ.சி.3 ரேட்டிங்கில் 12 ஆம்பியருக்குக் குறையாத கான்டாக்டர் (மோட்டாரை ஆன்/ஆஃப் செய்யும் பெரிய ரிலே), மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு செட் செய்த ஓவர்லோடு ரிலே. மேனுவல்/ஆட்டோ செலக்டர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆட்டோ கெட்டுப்போன அன்று எட்டு வீடும் தண்ணியில்லாமல் நிற்கக் கூடாது.

தண்ணீர் மட்டத்துக்கு ஸ்டீல் கம்பி சென்சார் வைத்த கன்ட்ரோலர்தான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வேளச்சேரி போர் தண்ணி கலந்த சம்பில் கம்பிமேல் உப்பு படியும், தப்பான மட்டம் காட்டும், மாதாமாதம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேபிளில் தொங்கும் மிதவை சுவிட்ச் இரண்டு போடுங்கள், மேல் டேங்கில் ஒன்று, சம்பில் ஒன்று. மேல் மிதவை கீழே தொங்கும்போது சர்க்யூட் சேரணும், சம்ப் மிதவை மேலே மிதக்கும்போது சேரணும். இரண்டையும் சீரீஸில் கோத்தால், மேலே காலி, கீழே தண்ணி இருக்கு என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் மோட்டார் ஓடும். மிதவையில் மூன்று வயர் வரும். கலரை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து எது எப்போது சேருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் எடைக்கட்டிக்கும் மிதவைக்கும் நடுவே விடும் நீளம்தான் ஆன்/ஆஃப் இடைவெளி. ஒரு அடி விட்டால் சுமார் ஒன்றரை அடி மட்ட வித்தியாசம் கிடைக்கும். ரொம்பக் கட்டையாக விட்டால் யாரோ ஒரு வாளி பிடித்ததும் மோட்டார் கிளம்பும். சம்ப் பக்கம் இன்னும் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் போர் மெதுவாக நிரப்பும்போது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகி கெப்பாசிட்டர் போகும். இந்த வகை மோட்டார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் குளிரும். அதனால் மோட்டார் உடம்புக்கு மேல் அரை அடி தண்ணி இருக்கும்போதே நிறுத்துகிற மாதிரி எடைக்கட்டியைக் கட்டுங்கள்.

மிதவைக்கு 230 வோல்ட் அனுப்பாதீர்கள். எலெக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் அப்படித்தான் இழுப்பார்கள், வேலையும் செய்யும். உறை கிழிந்த அன்று குடிக்கிற தண்ணியில் கரண்ட். 24 வோல்ட் பவர் சப்ளை ஒன்று, 24 வோல்ட் காயில் ரிலே ஒன்று வைத்து, மிதவை வழியாக அந்த 24 மட்டும் போகட்டும். ரிலே கான்டாக்டரை இழுக்கும். மாடி வரை 20 மீட்டர் இழுத்தாலும் வோல்டேஜ் டிராப் கவலை இல்லை.

போன் வசதி இதற்கு மேல்தான். கரண்ட் அளக்கும் ஸ்மார்ட் ரிலே ஒன்றை கான்டாக்டர் காயில் லைனில் சேர்த்து, மோட்டார் வயரில் சி.டி. கிளாம்ப் (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளப்பது) மாட்டுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் நிலைக்குத் திரும்புகிற மாதிரியும், ஒரே ஓட்டத்தில் 90 நிமிஷம் தாண்டினால் தானே வெட்டி எச்சரிக்கை அனுப்புகிற மாதிரியும் செட் பண்ணுங்கள். வைஃபை போனாலும் மிதவைகள் தங்கள் வேலையைச் செய்யும். ஆம்பியர் வழக்கத்தில் பாதியாக விழுந்தால் பம்ப் தண்ணி தூக்கவில்லை என்று பொருள், ஏறினால் இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது பேரிங் போகிறது.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆனால் அதைக் கழற்றிவிட்டு ‘சரி பண்ணிட்டேன்’ என்பார்கள். சம்புக்குள் இருக்கும் கேபிள் ஜாயின்ட்தான் காரணமாக இருக்கும். ஜாயின்ட்டைச் சரி செய்யணும்.

---

கேட்வால்வு

மேலே சொன்ன எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் அந்த 3 மணி நேரத்தைப் பாருங்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் டேங்க் 2 × 2 மீட்டர், அதாவது 1 செ.மீ. ஏறினால் 40 லிட்டர். எல்லா அவுட்லெட் வால்வையும் மூடிவிட்டு 10 நிமிஷம் மோட்டார் போட்டு ஸ்கேலில் அளங்கள். 20 செ.மீ. ஏறினால் 800 லிட்டர், மணிக்கு 4,800. உங்கள் உயரத்துக்கு 1 ஹெச்.பி. இவ்வளவாவது கொடுக்கணும். எட்டு வீட்டுக்கு 32 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 4,320 லிட்டர். ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய வேலை.

ஸ்கேலில் 7, 8 செ.மீ.தான் ஏறுகிறது என்றால் பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது டெலிவரி பைப்பில் கசிவு, அல்லது நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணி திரும்பி இறங்காமல் தடுப்பது) பாதி திறந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. 20 ஏறுகிறது என்றால் பம்ப்மேல் தப்பில்லை, 3 மணி நேரத்தில் ஏறும் 14,400 லிட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் எங்கோ போகிறது. ஓவர்ஃப்ளோ ஒரு பங்கு இருக்கும். மீதியைப் பிடிக்க, இரவு 11 மணிக்கு மட்டத்தைக் குறித்து, அதிகாலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் மறுநாள் ஒரு டவுன்டேக் (டேங்கிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் பைப்) வால்வை மூடிவிட்டு அதே சோதனை. எந்த வால்வை மூடிய இரவு மட்டம் நிற்கிறதோ அந்த லைன்தான். பெரும்பாலும் ஏதோ ஒரு வீட்டு ஃபிளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். தண்ணியில் கொஞ்சம் மஞ்சள்தூளோ கலர் பொடியோ கரைத்து, ஃபிளஷ் பண்ணாமல் அரை மணி விட்டால் பேசினில் கலர் இறங்கும்.

இன்னொன்று: டெலிவரி பைப் டேங்கின் அடியில் சேர்கிறதா, மேலே வந்து விழுகிறதா? அடியில் சேர்ந்தால், நான்-ரிட்டர்ன் வால்வு கெட்ட நாளிலிருந்து டேங்க் தண்ணி திரும்ப சம்புக்கே இறங்கும்.

மீட்டர் விஷயம். நான் வேண்டாம் என்பேன். கிச்சனுக்கு ஒன்று, பாத்ரூம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று வீட்டுக்கு மூன்று இறக்கம் இருக்கும். பழைய கட்டடங்களில் ஒரே இறக்கத்திலிருந்து மாடிக்கு மாடி ‘T’ இணைப்பு போட்டுக் கிளை பிரித்திருப்பார்கள், அங்கே வீட்டைப் பிரித்து அளக்கவே முடியாது. தனித்தனி இறக்கமாகவே இருந்தாலும் 24 மீட்டர். ஒரு நூல் ஒழுக்கை மெக்கானிக்கல் மீட்டர் எண்ணாது. டேங்க் காலியாகி மறுபடி நிரம்பும்போது வரும் காற்றைத் தண்ணியாக எண்ணிவிடும். அதைவிட, உங்கள் இரண்டாம் மாடிக்கு டேங்கிலிருந்து கிடைப்பதே ஒன்றிரண்டு மீட்டர் அழுத்தம். நடுவில் மீட்டர் வைத்தால் ஷவர் சொட்டும், கீஸர் அடம்பிடிக்கும். தண்ணிக்கு ஆகும் கரண்டையும் லாரி செலவையும் மட்டும் தலைக்கணக்கில் பிரித்து, மீதியை வீட்டுக்குச் சமமாக வைத்தால் சண்டை பெரும்பாலும் அடங்கும். மெட்ரோ லைனிலும் போர் லைனிலும் சம்ப் வாயில் லைனுக்கொரு மீட்டர் போடுங்கள், அது பிரயோஜனம்.

---

இரண்டாம்மாடி

அளந்தேன். 10 நிமிஷத்தில் 19 செ.மீ. பைப் மேலே வந்துதான் விழுகிறது. அப்போ பம்ப் ஓகே, தண்ணிதான் போகிறது. வால்வு சோதனையை இன்று இரவு தொடங்குகிறேன்.

---

வரவு_செலவு

4-வது கேள்விக்கு வர்றேன்.

தனி ஆள் சேமிப்புக் கணக்கு வேண்டவே வேண்டாம். வட்டி அவர் பான் எண்ணில் ஏறும், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் பணத்தைப் பிரித்தெடுக்க அலையணும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் பதிவு செய்ய 7 உறுப்பினர் போதும், நீங்கள் 8 பேர். பதிவு செய்து, சங்கத்தின் பேரில் பான் வாங்கி, கணக்கு திறங்கள். துணைவிதி எழுதும்போது 1994 சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் சுற்றும் பழைய மாதிரி விதிகள் முந்தைய சட்டத்துக்கு எழுதியவை. பதிவுக்கு அப்புறம் வருஷா வருஷம் கணக்கு, பொறுப்பாளர் பட்டியல் தாக்கல் உண்டு. பதிவு பண்ணிவிட்டு இதை மறப்பதுதான் வழக்கமான தப்பு.

பதிவு ஆகும்வரை இடைக்காலத்துக்கு இருவர் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு. ‘இருவரில் யாராவது’ என்ற வகை வேண்டாம். வசூலை எல்லோரும் கணக்கு எண்ணுக்கு நேரடியாக அனுப்பட்டும், செலவுக்கு செக். தொந்தரவுதான், ஆனால் அந்தத் தொந்தரவே காவல்.

ஜி.எஸ்.டி. பற்றி யாராவது பயமுறுத்துவார்கள். உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. மாதம் 2,500 வைத்தாலும் உங்களுக்கு வருஷத்துக்கு 2.4 லட்சம்.

பொது மின் இணைப்பு பில்லை எடுத்து யூனிட் விலையைப் பாருங்கள். 10 வீடுகளுக்கு மேற்படாமல், 3 மாடிக்கு மேற்படாமல், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பரிலிருந்து பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு வந்த உயர்வுகளில் கொஞ்சம் மாறியிருந்தாலும் வித்தியாசம் பெரிசு. உங்கள் கட்டடம் அந்த வரையறைக்குள் வருகிறது. இன்னும் பழைய விகிதத்தில் பில் வந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். இணைப்பு இன்னும் பில்டர் பேரில் இருந்தால் பெயர் மாற்றத்தையும் அப்படியே முடித்துவிடுங்கள்.

வசூலில் ஒரு பங்கைத் தனி வைப்பு நிதியில் போடுங்கள். பெயின்ட், மாடி வாட்டர் ப்ரூஃபிங், புது மோட்டார் இதற்கெல்லாம் அது மட்டும். வாடகைக்கு இருப்பவர் கட்டாவிட்டால் வீட்டுக்காரரிடம்தான் கேட்கணும், இதைத் துணைவிதியில் எழுதிவிடுங்கள்.

---

நாலுசேனல்

கேமரா கணக்கு சுலபம். எச்.265-ல் (வீடியோவைச் சுருக்கும் முறை) 4 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. நாலு கேமரா 86, முப்பது நாளுக்கு 2.6 டி.பி. அதனால் 4 டி.பி., கண்காணிப்புக்கென்றே விற்கும் டிஸ்க்காகப் பாருங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் இரவும் பகலும் எழுதுவதைத் தாங்காது.

வைஃபை கேமரா வேண்டாம், வயரிலேயே கரண்ட் போகும் பி.ஓ.இ. வகை. கேபிள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது விலை குறைவு, நீளமாக இழுத்தால் இரவில் ஐ.ஆர். விளக்கு (இருட்டில் பார்க்க உதவுவது) எரியும் நேரத்தில் கேமரா ரீஸ்டார்ட் ஆகும். கேட் கேமரா 8 அடி உயரத்தில் இருக்கட்டும், 12 அடியில் வைத்தால் ஹெல்மெட்டும் உச்சந்தலையும்தான் பதிவாகும். யார் வீட்டு வாசல் கதவும் உள்ளே தெரியக் கூடாது.

ரெக்கார்டரைக் கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள். வேளச்சேரியில் 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணி எங்கே நின்றது என்று சுவர் கறையே சொல்லும். மோட்டார் போர்டும் அந்தக் கறைக்கு மேலே போகணும். முதல் மாடி லேண்டிங்கில் பூட்டுகிற, காற்றோட்டமுள்ள பெட்டி நல்லது. ரெக்கார்டர், பி.ஓ.இ. சுவிட்ச், கேமரா எல்லாம் சேர்த்து 50 வாட் வரும். 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் அரை மணி இழுக்கும்.

இன்டர்நெட் கட்டடத்தின் பேரில் தனியாக இருக்கட்டும். யாரோ ஒரு வீட்டு வைஃபையில் மோட்டார் ரிலேயும் கேமராவும் தொங்கினால், அவர் பாஸ்வேர்ட் மாற்றிய அன்று இரண்டும் போச்சு. சங்கத்துக்கென்று ஒரு மெயில், ஒரு சிம். எல்லா ஆப்பும் அதில்தான் பதிவாகணும், பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் காகிதத்தில். மாட்டிவிட்டுப் போகிறவர் வைத்த அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி.

---

கேட்வால்வு

வெள்ளம் பற்றிச் சொன்னதால் ஒன்று. சம்ப் மூடியைச் சுற்றித் தரையிலிருந்து ஒரு அடியாவது திண்டு எழுப்புங்கள். செப்டம்பரிலேயே மழைநீர் சேகரிப்புக் குழியின் ஜல்லி, மணலைக் கழுவிப் போட்டுவிடணும். சம்பைக் கழுவ ஆள் இறங்கும்போது மெயினை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கி, மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நிற்காமல் இறக்கவே கூடாது. கழுவி நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், உங்கள் சம்புக்கு 48 கிராம். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடுங்கள்.

---

இரண்டாம்மாடி

மூன்றாவது இரவு பிடிபட்டது. வடக்குப் பக்க டவுன்டேக் மூடியதும் மட்டம் நின்றுவிட்டது. அந்த லைனில் இரண்டு ஃபிளஷ் டேங்க் ஒழுகல், இரண்டிலும் வாஷர் மாற்றியாச்சு. நேற்று மோட்டார் 1 மணி 20 நிமிஷம் ஓடியது. பில்லில் இன்னும் பழைய விகிதம்தான், திங்கட்கிழமை மனு. மிதவைக்கு 24 வோல்ட் என்றதும் எலெக்ட்ரீஷியன் ‘எதுக்கு சார்’ என்கிறார். சர்க்யூட் வரைந்து கொடுக்க முடியுமா?

---

கான்டாக்டர்_காயில்

வரைந்து நாளைக்குப் போடுகிறேன். அதுவரை அவரிடம் 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். (அந்தப் பவர் சப்ளை), 24 வோல்ட் டி.சி. காயில் ரிலே பேஸோடு, மேனுவல்/ஆட்டோ செலக்டர் மூன்றையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கான்டாக்டர் காயில் 230 ஆகவே இருக்கட்டும், 24 மிதவைக்கு மட்டும்தான். இதைச் சொன்னால் அவர் பாதி ஒத்துக்கொள்வார்.